கழுதைக்கு மாலை

மார்ச் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

போனை எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் டொக்கென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். பிரிக்காமல் வேண்டுமானால் இருக்கலாம். ஆனால் ஒட்டிய உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிற பொறுமை உனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

பதறாமல் படி. உன் அண்ணா இப்போது நன்றாக இருக்கிறார். போன மாதம் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதைச் சொல்லத்தான் அத்தனை முறை போன் அடித்தேன். நான் சமாதானத் தூது வருகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார். சாப்பாடு பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஆகவே பழைய மனிதர்தான். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. ஆனால் அவர் வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது.

"மாலை."

காலையில் காபி கொண்டு போனால் "மாலை". டாக்டர் பேர் என்னவென்று கேட்டால் "மாலை". சாயங்காலம் வெளியே போக ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று தினமும் தெருக்கோடி வரை கூட்டிக்கொண்டு போனேன். நடந்து முடித்து உட்கார்ந்ததும் நாற்காலிக் கையைத் தட்டி மறுபடியும் "மாலை". நமக்குத்தான் தலை வெடிக்கிறது.

இதற்கு நடுவில், பழைய படங்களைப் பாதுகாக்கிற காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நம் 'குடைக் கழுதை' கார்ட்டூன் படத்தைச் சுத்தம் செய்து புதுப் பிரதி எடுக்கிறார்களாம். கூடவே, திரைக்குப் பின்னால் நடந்ததையெல்லாம் எழுதிக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். மழைச் சத்தம் எப்படி வந்தது என்றாள். தகரத் தட்டில் காய்ந்த பயறு, உருட்டியது நான் என்றேன். கழுதை கத்துவது? அது சாமான் அறைக் கதவு, எண்ணெய் போடாதே என்று அதில் எழுதியே ஒட்டியிருந்தோம் என்றேன். மூன்றாவது நிமிடத்தில் குடைமேல் ஒரு ஈ நடக்குமே, அது வாழ்வின் நிலையாமையைக் குறிக்கிறது என்று யாரோ ஆராய்ச்சி செய்து பட்டமே வாங்கிவிட்டாராம். கேமராவுக்கு அடியில் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட நிஜ ஈ அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் கடைசிக் காட்சிக்கு வந்தாள். மழை முழுக்க ஊரையே தன் குடைக்குள் அழைத்துப் போன கழுதை. மழை விட்டதும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அது சாயங்கால வானத்துக்குக் கீழே தனியாக வீட்டுக்கு நடக்கிறது. கழுத்தில் திடீரென்று ஒரு பூமாலை. யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், ஒன்றும் கிடையாது. பார்த்தவர்களெல்லாம் இத்தனை வருஷமாகத் தலையைப் பிய்த்துக்கொள்கிற மாலை. படத்தை இயக்கிய உன் அண்ணா முதலில் போட்ட மாதிரிப் படங்களில் அந்த மாலை இல்லையாம். கழுதையின் நிறமும் வேறாம்.

"இயக்குநர் முதல்ல நெனச்ச மாதிரி மாத்திடட்டுமா, இல்ல இருக்கறபடியே விட்டுடட்டுமா? சார் ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றாள்.

சொன்னாரே, ஒரு வார்த்தை.

பூவா, பொழுதா? மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். நான் தப்பாகச் சொல்லித் தொலைத்தால் நீ வரைந்த மாலையை அழித்துவிடுவார்கள். அதை வரைந்த அன்றைக்கு உன்னிடம் என்ன சொல்லப்பட்டது என்று ஒரு எழுத்து விடாமல் எழுது.

உன் அண்ணி

மார்ச் 10

அண்ணி,

உங்கள் கடிதம் வந்த அன்றே கிளம்பியிருப்பேன். கால் வரவில்லை. மாடிப்படியில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. அங்கே வாயில்லாத அண்ணன், இங்கே காலில்லாத தங்கை, நல்ல குடும்பம். போனை வைத்த கையை நானே அடித்துக்கொண்டேன். அவன் தூங்குகிறானா? வலி இருக்கிறதா? ஒன்றை மறைக்காமல் எழுதுங்கள். உங்களுக்குச் சத்தம் போடத்தான் தெரியும், விஷயம் சொல்லத் தெரியாது. படத்துக்கும் சத்தம் போட்டீர்கள், வீட்டிலும் போட்டீர்கள்.

அதற்காக எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அண்ணன் வேறு, கோபம் வேறு.

கேட்டதற்குப் பதில். அன்றைக்கு அவன் இசைப்பதிவுக்குப் போயிருந்தான். அங்கிருந்து போன் வந்தது. எடுத்தவர் கேமராக்காரர். வராந்தாவில் நின்றுகொண்டு எங்கள் வண்ண அறையைப் பார்த்துக் கத்தினார்: "கடைசிக் காட்சி, கழுதைக்கு மாலையாம்!" அவ்வளவுதான்.

நான் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவன் என்னைக் கழுதை என்றுதான் கூப்பிடுவான், உங்களுக்குத் தெரியும். ஸ்டுடியோவுக்குள் வந்து "கழுதை எங்க?" என்றால் பாதிப் பேர் மேஜையில் இருக்கிற படத்தைக் காட்டுவார்கள், மீதிப் பேர் என்னைக் காட்டுவார்கள். அந்தப் படத்துக்கு நான் எவ்வளவு வேலை செய்தேன் என்று அவன் ஒரு நாளாவது வாய் திறந்து சொன்னானா? "நல்லாருக்கு"கூடக் கிடையாது. அப்படிப்பட்டவன் கழுதைக்கு மாலை போடச் சொல்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேரில் நன்றி சொல்ல வெட்கப்படுகிற பயல் படத்தில் சொல்கிறான் என்று நினைத்தேன். அந்த மாலை எனக்கு என்றே நினைத்தேன் அண்ணி.

அதனால்தான் அப்படி வரைந்தேன். கண்ணாடி மாதிரியான அந்தத் தாளில் கழுதையைத் தனியாக, மாலையைத் தனியாக வரைந்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் படம் பிடித்தோம். வெள்ளைப் பூ, நடுநடுவே ஒரு சிவப்பு. வெறும் வெள்ளை சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும் என்று துளி மஞ்சள் கலந்தேன். கழுதை ஒவ்வொரு அடி வைக்கும்போதும் மாலை கொஞ்சம் தாமதமாக ஆடும், கவனித்திருக்கிறீர்களா? யாரும் கேட்காமல் நான் செய்தது.

அப்புறம் படத்துக்கு நடந்த அந்தப் பாராட்டு விழா. மேடையில் அவனிடம் கேட்டார்கள், "அந்த மாலை உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?" அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "அது தானா வந்துச்சு." தானாக! மூன்றாவது வரிசையில் நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், மாலை தானாக வந்ததாம். எழுந்து வெளியே வந்தவள்தான், இன்றுவரை அவனோடு பேச்சில்லை.

சந்தேகமே வேண்டாம். பூமாலைதான். அழித்துப் பார்க்கட்டும்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 16

என் கண்ணே,

தூங்குகிறார். வலி இல்லை. உன் காலைப் பற்றிச் சொன்னதும் நெற்றியில் இடது கையால் அடித்துக்கொண்டார். பார்த்து நடக்கமாட்டாளா என்று அர்த்தம்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று நாலு தடவை பேனாவை மூடினேன். இவருக்கு நான் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், "அவகிட்ட சொல்லிடட்டுமா?" ஜன்னலைப் பார்த்துவிட்டு "மாலை" என்று தலையாட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தப்பாக இருந்தால் பழி என்மேல்.

ஸ்டுடியோவில் நிறக் குப்பிகளை எப்படிப் பிரித்து வைத்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் ஒரு நிறம், மழையில் ஒரு நிறம். "கழுதைக்குப் பகல்" என்றால் சாம்பல். "கழுதைக்கு மழை" என்றால் நீலம் கலந்த சாம்பல். இந்த இரண்டுதான் உனக்குத் தெரியும். கடைசிக் காட்சிக்காக இவர் தனியாக உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்று கலந்தார். சாம்பலுக்குமேல் பழுப்பு, அதற்குள் கொஞ்சம் ஆரஞ்சு. அதைத் தன் அலமாரியில் வைத்துவிட்டு, உன்னிடம் சொல்ல மறந்து இசைப்பதிவுக்குப் போய்விட்டார். அந்தக் குப்பிக்கு அவர் வைத்த பேர் மாலை.

அங்கிருந்து போனில் சொன்னார், கழுதைக்கு மாலை என்று.

அவர் பூவைக் கேட்கவேயில்லை அம்மா. பொழுதைக் கேட்டார்.

கோபித்துக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள். தயாரிப்பாளருக்குப் படத்தைப் போட்டுக் காட்டிய அன்று நீ அந்த அறையில் இல்லை. நான் இருந்தேன். இவரும் அப்போதுதான் அந்த மாலையை முதலில் பார்க்கிறார். தயாரிப்பாளர் தாம்தூமென்று குதித்தார். "யார் பண்ண வேலை இது? யாரா இருந்தாலும் நாளைலேருந்து வர வேணாம்னு சொல்லு!" இவர் நாற்காலியில் அசையாமல் சொன்னார், "நான்தான் சொன்னேன். கழுதைக்கு மாலைன்னு என் வாயாலதான் சொன்னேன்." பொய்யில்லை பார், அட்சரம் பிசகாத உண்மை. "எதுக்கு?" என்று அவர் கத்த, இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கழுதைக்கு யாருமே நன்றி சொல்லலியே. அதான்" என்றார். தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி, இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லாத. ஆசை ஆசையா போட்டிருக்கா. தப்புன்னு தெரிஞ்சா அப்புறம் பூவே வரையமாட்டா."

மேடையில் மட்டும் என்ன சொல்வார்? நான் யோசித்தேன் என்றால் உன்னுடையதைத் திருடியதாகும். தங்கை வரைந்தாள் என்றால், ஏன், எப்படி என்று தோண்டுவார்கள், உன்னைக் கேலி செய்வார்கள். தானா வந்துச்சு என்றார். அது உண்மைதானே.

அந்த மாலை இல்லாவிட்டால் அது எட்டு நிமிடக் கழுதைப் படம். அதற்கப்புறம் எங்களுக்குக் கிடைத்த வேலையும் பேரும் நீ போட்ட மாலையால் வந்தது. உனக்கு நேரில் நன்றி சொல்ல முடியாமல் நானும்தான் திண்டாடினேன்.

ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்வது? வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்த தன் சாயங்காலத்தைத்தான் இப்போது கேட்கிறாரோ? எனக்குத் தெரியவில்லை.

உன் அண்ணி

மார்ச் 21

அண்ணி,

அழிக்கச் சொல்லிவிடுங்கள். தப்பைத் திருத்துவதுதானே அவர்கள் வேலை.

ஒன்று மட்டும். வாயால் பேசும்போது எந்த மனிதனாவது சாயங்காலத்தை மாலை என்பானா?

நாத்தனார்

மார்ச் 22

அண்ணி,

நேற்று அனுப்பியதைக் கிழித்துப் போடுங்கள். இல்லை, வேண்டாம், அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

நேற்று முழுக்க மகள் என்னவென்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். இன்று காலை உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன். படித்துக்கொண்டே வந்தவள், "பூவைக் கேட்கவேயில்லை" என்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முடியவில்லை அவளால். "அம்மா, அவர் டைம் சொன்னா நீ பூ கட்டிட்டியேம்மா!" என்று தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஊன்றுகோலை ஓங்கினேன், ஓங்கிய கையோடு நானும் சிரித்துவிட்டேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அதில் எது சிரிப்புத் தண்ணீர், எது மற்றது என்று பிரிக்கத் தெரியவில்லை.

அதற்கப்புறம் எத்தனை படத்தில் பூ வரைந்தேன் அண்ணி! எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும், "அந்த மாலை போட்ட பொண்ணு வந்தாச்சா? பூ எல்லாம் அவகிட்ட குடுங்க" என்பார்கள். மகள் படித்ததும், இந்த வீடும் அந்தப் பூவில் வந்தவைதான். தப்பு என்று அன்றே சொல்லியிருந்தால்? அவன் சொன்னது சரி. ஒரு இதழ்கூட வரைந்திருக்கமாட்டேன். ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்டுக் கேட்டு, பயந்து பயந்து, கோடு போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவன் அன்றைக்கு அந்த அறையில் என்னைக் காப்பாற்றினான், காப்பாற்றியதைச் சொல்லாமலும் காப்பாற்றினான். நான் என்ன செய்தேன்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனை வைத்தேன். நன்றி சொல்லத் தெரியாத பயல் என்று அவனைச் சொன்னேன், என்னை என்னவென்று சொல்வது?

இப்போது கவனமாகக் கேளுங்கள். கால்தான் கட்டிக் கிடக்கிறது, கை நன்றாக இருக்கிறது. இதோடு மூன்று தாள் அனுப்பியிருக்கிறேன். நடுவில் அட்டை வைத்திருக்கிறேன், ஓரத்தைப் பிடித்து எடுங்கள், விரல் படக்கூடாது. ஒன்றில் பகல் நிறத்தில் கழுதை, மாலை இல்லாமல். இன்னொன்றில் நீங்கள் எழுதிய அந்தப் பழுப்பும் ஆரஞ்சுமாகக் கழுதை, அதற்கும் மாலை கிடையாது. மூன்றாவதில் மாலை மட்டும். அந்தக் காப்பகத்துப் பெண்ணையும் வரச்சொல்லி, மூன்றையும் அவன் முன்னால் மேஜையில் பரப்புங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். முக்கியமாக நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது, உங்களால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் முயற்சி செய்யுங்கள். அவன் இடது கை சொல்லட்டும்.

மாலையை ஒதுக்கி வைத்தான் என்றால் ஒதுக்கட்டும். அவனுடைய படம், அவனுடைய பொழுது. எனக்கு அது கிடைத்தவரை போதும், வாழ்க்கை முழுக்கப் போட்டுக்கொண்டாயிற்று. இதை நான் மனசாரத்தான் எழுதுகிறேன். ஆனாலும் சீக்கிரம் எழுதுங்கள், இங்கே எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் நாத்தனார்

மார்ச் 29

அடி என் தங்கமே,

வாயைத் திறக்கவில்லை. கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன், காப்பகத்துப் பெண் சாட்சி.

மேஜையில் மூன்றையும் பரப்பினேன். பார்த்ததும் தோள் நிமிர்ந்துவிட்டது. இத்தனை நாளில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பகல் கழுதையை எடுத்த எடுப்பில் விரல் நுனியால் ஓரமாகத் தள்ளிவிட்டார். அடுத்ததாக அந்தச் சாயங்காலக் கழுதையைத் தன் பக்கம் இழுத்தார். இழுத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். ஐயோ, என் நாத்தனாரின் மாலை போச்சே என்று நினைத்தேன். அந்தப் பெண்ணும் குறிப்பெடுக்கக் குனிந்துவிட்டாள்.

அப்புறம் அந்தக் கை மாலை இருந்த தாளுக்குப் போனது. எடுக்க வரவில்லை, வழுக்கியது. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன், ஒரு பார்வை பார்த்தார் பார், அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி தள்ளினார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திக் கழுதை இருந்த தாளின்மேல் கொண்டுவந்தார். அதோடு விட்டாரா? தாள்களின் கீழே கேமரா ஆணிக்காகத் துளை போடுவோமே, துளைக்கு நேராகத் துளை வரும்வரை விடவில்லை. சுண்டுவிரலால் தட்டித் தட்டிச் சேர்த்தார். சேர்ந்ததும் கழுதையின் கழுத்தில் மாலை சரியாக விழுந்தது.

ரெண்டும் வேண்டுமாம் அவருக்கு. அவருடைய பொழுதும் வேண்டும், உன் பூவும் வேண்டும். நாம் எதை வைப்பது, எதை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். நமக்கு ஏன் தோன்றவில்லை? ஒன்றின்மேல் ஒன்று வைக்கத்தானே அந்தத் தாளே கண்ணாடி மாதிரி இருக்கிறது!

நான் கர்ச்சீப்பை எடுத்துவிட்டு அழுதேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். உதடு எங்கெங்கோ போயிற்று, தொண்டை நரம்பு புடைத்தது.

"கழுதை" என்றார்.

ஆமாம். புது வார்த்தை. டாக்டரால் வரவைக்க முடியாத வார்த்தை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "மாலை" என்றார். எந்தக் கழுதை என்று நான் கேட்கவில்லை. மேஜையைப் பார்க்காமல் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

காப்பகத்துப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்று விஷயம் சொன்னாள். முதலாவது, சாயங்கால நிறத்தில் கழுதை, கழுத்தில் மாலை, அப்படியே மாற்றுகிறார்கள். இரண்டாவது, உன் பூ பகல் வெளிச்சத்துப் பூ. பொழுது சாயும்போது அந்த வெள்ளை என்ன நிறமாக இருக்கும், அந்தச் சிவப்பு என்ன ஆகும், அதை அவர்களால் சொல்ல முடியாதாம். போட்டவர்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டுமாம். மூன்றாவது, படத்தின் ஆரம்பத்தில் வண்ணம் என்ற இடத்தில் 'குழுவினர்' என்று இருக்கிறதே, அங்கே உன் பேர் வரப்போகிறது. அதற்கும் இவர்தான் தலையாட்டினார்.

கண்காட்சி அட்டையில் மாலையைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டாள். அதை நீதான் சொல்லவேண்டும் என்றேன்.

என் கேள்வி ஒன்றுதான். உன் கால் கட்டை எப்போது பிரிக்கிறார்கள்?

உன் அண்ணி

ஏப்ரல் 4

அண்ணி,

நேற்றுப் பிரித்தாயிற்று. கால் வெளுத்துப்போய் யாருடைய காலோ மாதிரி இருக்கிறது, ஆனால் நடக்கிறது. உங்கள் கடிதத்தை மகள் சத்தமாகப் படித்தாள். துளைக்கு நேராகத் துளை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் கேட்க முடியவில்லை. அப்புறம் நானே இரண்டு தடவை படித்தேன். வேறு எதைக் காட்டிலும் அவனுக்கு என் துளைகள் கோணலாக இருப்பதுதான் எப்போதும் எரிச்சல்.

ஜன்னலோரம் வெள்ளைப் பூ ஒன்றைத் தண்ணீரில் வைத்து, பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் கலந்தது தப்பு. சாயங்காலத்தில் வெள்ளைக்குள் கொஞ்சம் ஊதா வருகிறது. சிவப்பு கிட்டத்தட்ட கறுத்துவிடுகிறது. இதையெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கலக்க வேண்டும். திட்டட்டும், இப்போது அவனுக்கு இரண்டு வார்த்தை இருக்கிறதே.

அட்டையில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அண்ணன் பொழுதைக் கேட்டான், தங்கை பூவைக் கொடுத்தாள், அவன் வாங்கி வைத்துக்கொண்டான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், எங்கள் வீட்டிலேயே சிரித்து முடித்தாயிற்று. ஈயை மட்டும் சொல்ல வேண்டாம். பட்டம் வாங்கியவர் பிழைத்துப் போகட்டும்.

உங்களுக்கு நன்றி சொல்ல வந்தால் நீங்கள் சத்தம் போடுவீர்கள். அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். வாக்கை இத்தனை வருஷம் காத்ததற்கும் நன்றி, சரியான நேரத்தில் உடைத்ததற்கும் நன்றி.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மகள் ரயில் ஏற்றிவிடுகிறாள். கையில் வண்ணப்பெட்டி, இன்னொரு கையில் ஒரு பொட்டலம், வாசனையை வைத்தே அவன் கண்டுபிடித்துவிடுவான். எப்போது வருகிறாள் என்று கேட்கிற மாதிரி உங்கள் முகத்தைப் பார்ப்பான். அவனுக்குப் பழகின வார்த்தையிலேயே சொல்லுங்கள். மாலை.

எந்த மாலை என்று பார்த்தால், ரெண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கழுதை